ஆங்கிலப் பெயர்த்தொடரும் அதனைச் சாரும் முன்னிடைச்சொல் வினையடைகளும்

முன்னுரை

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு நூல்களைப் பெயர்ப்போரும், இருமொழி இலக்கணங்களை ஒப்பிட்டு ஆராய்வோரும் பெரும்பாலும் ஒரு கருத்தை ஐயமின்றி ஏற்று வருகின்றனர். தமிழில் பெயருக்குப் பின் நிற்கும் வேற்றுமை உருபே ஆங்கிலத்தில் பெயருக்கு முன் சென்று முன்னிடைச்சொல்லாக நிற்கிறது என்பது அக்கருத்து. ‘வீட்டில்’ என்பதன் ‘இல்’லும், ‘இன் தி ஹவுஸ்’ என்பதன் ‘இன்’னும் நிற்கும் இடத்தால் வேறுபட்டனவே அன்றித் தன்மையால் வேறுபட்டன அல்ல என்பது தொடக்க வகுப்பு மாணவர்க்கு ஓரளவு துணை செய்யும். ஆராய்ச்சிக்கு அது போதாது. அக்கருத்தைப் பற்றிக்கொண்டு மொழிபெயர்க்கப் புகுவோர், ஒரே சொல் ஒரு தொடரில் பெயரைச் சார்ந்தும் மற்றொரு தொடரில் வினையைச் சார்ந்தும் நிற்கக் காணும்போது வழி தெரியாது மயங்குவர்.

ஆங்கிலப் பெயர்த்தொடர் எவ்வெவ்வாறு முன்னிடைச்சொற்களோடும் வினையடைகளோடும் கூடி வாக்கியத்தில் இடம்பெறுகிறது என்பதை ஈண்டு ஆராய்வோம். பெயரைத் தலைமையாகக் கொண்டு அடைகளோடு கூடி ஒரு சொல்நீர்மைத்தாய் நிற்பதைப் பெயர்த்தொடர் என்கிறோம். எடுத்துக்காட்டுகள் ஒலிப்பை ஒட்டித் தமிழ் எழுத்தில் தரப்பெறுகின்றன.

1. உருபிழந்த பெயர்

கி.பி. 1100க்கு முற்பட்ட பழைய ஆங்கிலத்தில் பெயர்கள் வேற்றுமை ஈறுகளை ஏற்றன. எழுவாய், செயப்படுபொருள், உடைமை, கொடை ஆகிய பொருள்களைப் பெயரின் ஈறே பெரும்பாலும் உணர்த்தியது. முன்னிடைச்சொற்கள் அக்காலத்தும் இருந்தன; ஆயினும் அவற்றை அடுத்து வரும் பெயர், முன்னிடைச்சொல்லுக்கு ஏற்ற வேற்றுமை ஈற்றையும் கொண்டு நின்றது. பின்னர்ச் சொல்லின் இறுதியில் அழுத்தமின்றி ஒலித்த உயிர்கள் ஒன்றோடொன்று மயங்கி, நாளடைவில் தேய்ந்து மறைந்தன. 15ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் பெயர்களில் பன்மை ஈறும் உடைமை ஈறுமே எஞ்சின. ‘ஹி’, ‘ஹிம்’ என்றாற்போன்ற மாற்றுப்பெயர்களில் மட்டும் பழைய வேற்றுமையின் சுவடு இன்றும் காணப்படுகிறது.

எஞ்சிய உடைமை ஈறும் இன்று பெயரின் ஈறாக இல்லை. தொடர் முழுமைக்கும் உரிய ஈறாக மாறிவிட்டது. ‘தி கிங் ஆஃப் இங்கிலாண்ட்ஸ் டாட்டர்’ என்னும் தொடரில் மகளை உடையவன் அரசன். உடைமை ஈறோ ‘இங்கிலாண்ட்’ என்னும் சொல்லின் மேல் ஏறி நிற்கிறது. ‘தி கிங் ஆஃப் இங்கிலாண்ட்’ என்னும் முழுத் தொடரும் ஒரு சொல்போல் நின்று அவ்வீற்றை ஏற்கிறது என்பதே இதற்கு அமைதி.

இங்ஙனம் ஈறிழந்த பெயர்த்தொடருக்கு வாக்கியத்தில் தன் கடமையைக் காட்ட மூன்று வழிகளே உள்ளன. வினைக்கு முன்னோ பின்னோ நிற்கும் இடத்தால் எழுவாய் என்றும் செயப்படுபொருள் என்றும் அறியப்படுவது முதல் வழி. முன்னிடைச்சொல்லின் துணையை நாடுவது இரண்டாவது. எத்துணையுமின்றித் தானே வினையடையாக நிற்பது மூன்றாவது. பின் இரண்டும் நம் ஆராய்ச்சிக்கு உரியவை.

2. முன்னிடைச்சொல் தனிச்சொல்லே

உருபு, தான் ஏற்ற பெயரினின்றும் பிரியாது, தனித்து இயங்காது, தனக்கென அடை கொள்ளாது. இவ்வியல்புகளை வைத்து ஆங்கில முன்னிடைச்சொல்லை நோக்கின் அது உருபன்று என்பது நான்கு சான்றுகளால் புலனாகும்.

முதலாவது, ஒரு முன்னிடைச்சொல் பல பெயர்த்தொடர்களைத் தழுவும். ‘இன் லண்டன் அண்ட் ஆக்ஸ்ஃபோர்ட்’ என்பதில் ‘இன்’ ஒருமுறையே வருகிறது. தமிழில் ‘இலண்டனிலும் ஆக்ஸ்போர்டிலும்’ என உருபு இருமுறை வருதல் வேண்டும்; அன்றேல் ‘ஆகிய ஊர்களில்’ எனத் தொகுத்து முடித்தல் வேண்டும். மறுதலையாக, இரண்டு முன்னிடைச்சொற்கள் ஒரு பெயர்த்தொடரைக் கொள்வதும் உண்டு. ‘இன் அண்ட் அரவுண்ட் தி சிட்டி’ என்பது, நகரிலும் அதனைச் சுற்றியும் எனப் பொருள்படும்.

இரண்டாவது, முன்னிடைச்சொல் தனக்கென அடை கொள்ளும். ‘ஸ்ட்ரெயிட் இன்டு தி ரூம்’ என்றால் நேரே அறைக்குள் என்பது பொருள். இங்கு ‘ஸ்ட்ரெயிட்’ என்பது அறையைச் சிறப்பிக்கவில்லை. ‘இன்டு’ உணர்த்தும் புகுதலைச் சிறப்பிக்கிறது.

மூன்றாவது, பெயர்த்தொடரே அன்றி மற்றொரு முன்னிடைத்தொடரும் முன்னிடைச்சொல்லை முடிக்கும் தொடராக வரலாம். ‘ஃப்ரம் பிஹைண்ட் தி டோர்’ என்பதில் ‘பிஹைண்ட் தி டோர்’ என்னும் தொடர் முழுவதையும் ‘ஃப்ரம்’ தழுவி நிற்கிறது. கதவுக்குப் பின்னாலிருந்து என நாம் கூறுவோம்.

நான்காவது, பெயர்த்தொடர் முன்னே பெயர்ந்து செல்ல, முன்னிடைச்சொல் மட்டும் பின்னே தனித்து நிற்கும். ‘தி ஹவுஸ் ஹி லிவ்ஸ் இன்’ என்றால் அவன் வாழும் வீடு என்பது பொருள். ‘இன்’ என்பதற்கு உரிய பெயர் தொடரின் தலைப்பில் நிற்க, அச்சொல் ஈற்றில் நிற்கிறது. இவ்வழக்கை டிரைடன் 1672இல் பென் ஜான்சனின் நடையில் குறையாகச் சுட்டினார். இராபர்ட் லௌத் 1762இல் வெளியிட்ட இலக்கணத்தில், இது பேச்சு வழக்குக்கும் எளிய நடைக்கும் பொருந்துவது என்றும், உயர்நடைக்கு முன்னிடைச்சொல்லைப் பெயருக்கு முன் வைப்பதே ஏற்றது என்றும் கருதினார். பள்ளி இலக்கணங்கள் அதனைத் தடையாகவே ஆக்கிவிட்டபோதிலும் வழக்கு மறையவில்லை. இது மொழியின் இயல்போடு ஒட்டியது என்பதற்கு, முன்னிடைச்சொல்லைப் பின்னே விட்டுச் செயப்பாட்டு வினை அமையும் முறையே போதிய சான்றாகும். ‘தி டாக்டர் வாஸ் சென்ட் ஃபார்’ என்பது மருத்துவரை அழைத்துவர ஆள் அனுப்பப்பட்டது எனப் பொருள்படும். இங்கு ‘ஃபார்’ என்பதைச் சார்ந்திருந்த பெயர்த்தொடரே எழுவாயாகிவிட்டது.

முன்னிடைச்சொற்கள் எல்லாம் ஒரே அளவினவாகத் தனித்தியங்குவன அல்ல என்பதையும் கூறுதல் வேண்டும். ‘ஆஃப்’ என்பது பொருள் மிகத் தேய்ந்து, பெரும்பாலும் உறவை மட்டும் காட்டுவது. உருபுக்கு மிக நெருங்கியது. ஆயினும் அதுவும் ‘வாட் ஆர் யூ திங்கிங் ஆஃப்’ என வாக்கிய ஈற்றில் தனித்து நிற்கவல்லது. ஆகவே உருபு என முற்றும் கூற அதற்கும் இயலாது.

3. பெயரைச் சார்வதும் வினையைச் சார்வதும்

மயக்கத்திற்கு மிகுதியும் இடந்தரும் பகுதி இதுவே. பின்வரும் இரு வாக்கியங்களை நோக்குக.

‘ஹி டர்ன்ட் டவுன் தி லேன்’ — அவன் சந்தில் திரும்பிச் சென்றான்.
‘ஹி டர்ன்ட் டவுன் தி ஆஃபர்’ — அவன் அவ்வாய்ப்பை மறுத்துவிட்டான்.

சொற்களின் வரிசை ஒன்றே, வினையும் ஒன்றே, ‘டவுன்’ என்பதும் ஒன்றே. ஆயினும் முதல் வாக்கியத்தில் ‘டவுன்’ பின்வரும் பெயர்த்தொடரோடு கூடி ‘டவுன் தி லேன்’ என ஓர் உறுப்பாகிறது. இரண்டாவதில் அது வினையோடு கூடி ‘டர்ன் டவுன்’ எனக் கூட்டுவினையாகிறது. ‘தி ஆஃபர்’ அக்கூட்டுவினையின் செயப்படுபொருள். முன்னதை முன்னிடைச்சொல் என்றும் பின்னதை வினையடை என்றும் மரபிலக்கணம் வழங்கும். பொருளை நோக்கி இவ்வேறுபாட்டை உணர்தல் எல்லா இடங்களிலும் எளிதன்று. அமைப்பை நோக்கின் நான்கு வழிகளால் தெளிவாக உணரலாம்.

முதல் வழி இடமாற்றம். ‘ஹி டர்ன்ட் தி ஆஃபர் டவுன்’ எனப் பெயர்த்தொடரை இடையே வைத்தலும் வழக்கு. ‘ஹி டர்ன்ட் தி லேன் டவுன்’ என்பது வழுவாகும். முன்னிடைச்சொல் தன் பெயர்த்தொடருக்குப் பின் செல்லாது. வினையடையோ செயப்படுபொருளைக் கடந்து செல்லும்.

இரண்டாம் வழி மாற்றுப்பெயர். பெயருக்குப் பதிலாக ‘இட்’ என்பதை வைப்பின், மறுத்தற்பொருளில் ‘ஹி டர்ன்ட் இட் டவுன்’ என்றே வரும். சந்தைக் குறிப்பின் ‘ஹி டர்ன்ட் டவுன் இட்’ என்றே வரும். இடமாற்றம் பெயர்த்தொடருக்கு விருப்பமாக அமைய, மாற்றுப்பெயருக்குக் கட்டாயமாதல் கருதத்தக்கது.

மூன்றாம் வழி இடைச்செருகல். ‘ஹி டர்ன்ட் ஸடன்லி டவுன் தி லேன்’ எனத் ‘திடீரென’ என்னும் பொருளுடைய வினையடையை இடையில் வைக்கலாம். ‘ஹி டர்ன்ட் ஸடன்லி டவுன் தி ஆஃபர்’ எனக் கூறுதல் ஆகாது. கூட்டுவினையின் இரு உறுப்புகளுக்கிடையே இத்தகைய அடை புகாது.

நான்காம் வழி முன்நகர்த்தல். ‘தி லேன் டவுன் விச் ஹி டர்ன்ட்’ எனச் சந்தைச் சிறப்பித்துத் தொடர் அமைக்கலாம். ‘டவுன்’ தன் பெயரோடு சேர்ந்து முன்னே நகர்கிறது. ‘தி ஆஃபர் டவுன் விச் ஹி டர்ன்ட்’ என்பது ஆங்கிலம் ஆகாது. அங்கு ‘டவுன்’ வினைக்கு உரியது ஆதலின் வினையை விட்டு நீங்காது.

இடமாற்றத்தில் தொடரின் அளவும் ஒரு காரணமாகிறது. பெயர்த்தொடர் நீளுந்தோறும் அது ஈற்றில் நிற்பதையே விரும்பும். ஐந்தாறு அடைகளோடு கூடிய நெடுந்தொடரை வினைக்கும் ‘டவுன்’ என்பதற்கும் இடையே வைத்தால் கேட்போர் வினையின் பொருள் முடிவதற்கு நெடிது காத்திருக்க நேரும். ஆதலின் மாற்றுப்பெயர் இடையில் நிற்றல் கட்டாயம். குறுந்தொடர் இருவழியும் நிற்றல் இயல்பு. நெடுந்தொடர் இறுதியில் நிற்றல் பெருவழக்கு.

4. இரு சொல்வகையோ, ஒன்றோ?

‘ஹி இஸ் இன் தி ஹவுஸ்’ என்பதில் ‘இன்’ முன்னிடைச்சொல். ‘ஹி இஸ் இன்’ என்பதில் அதே ‘இன்’ வினையடை. மரபிலக்கணம் இங்ஙனம் பிரிக்கும். பெயருக்கு முன் வைக்கப்படுவது என்னும் பொருளுடைய கிரேக்கப் பெயரும் அதன் இலத்தீன் பெயர்ப்பும் இச்சொல்வகைக்கு வழங்கி வந்தமையால், பெயர் இல்லாத இடத்தில் அப்பெயர் பொருந்தாது எனக் கருதினர் போலும்.

டென்மார்க்கு நாட்டு அறிஞர் ஆட்டோ எஸ்பர்சன் 1924இல் வெளியிட்ட இலக்கணத் தத்துவம் பற்றிய நூலில் இப்பிரிவினையை மறுத்தார். செயப்படுபொருள் குன்றாத வினையும் குன்றிய வினையும் வினை என்னும் ஒரே சொல்வகையுள் அடங்கும். ‘பாடினான்’ என்பது ‘பாட்டை’ என்பதோடு வரினும் தனித்து வரினும் வினையே. அங்ஙனமாக, பெயர்த்தொடரோடு வரும் ‘இன்’னையும் தனித்து வரும் ‘இன்’னையும் இரு வகையாக்குவது ஏன் என்பதே அவர் வாதத்தின் சாரம். 1970களில் சோசப் எமண்ட்சு இக்கருத்தை மாற்றிலக்கண நெறியில் வலியுறுத்தினார். 2002இல் வெளிவந்த ஹடில்ஸ்டன், புல்லம் ஆகியோரின் கேம்பிரிட்சு ஆங்கில இலக்கணம், பெயர்த்தொடர் ஏற்கும் முன்னிடைச்சொல், ஏற்காத முன்னிடைச்சொல் என ஒரே வகையின் இரு பிரிவுகளாக இவற்றைக் கொள்கிறது. 1985இல் குவர்க்கு முதலிய நால்வர் வெளியிட்ட பேரிலக்கணமோ மரபுவழிப் பிரிவினையையே போற்றுகிறது.

இவ்வழக்கில் ‘ரைட்’ என்னும் சிறு சொல் தக்க சான்றாகும். ‘ரைட் இன்டு தி ரூம்’ என முன்னிடைத்தொடரின் முன் அது வரும். ‘கம் ரைட் இன்’ எனத் தனித்த ‘இன்’ என்பதற்கு முன்னும் வரும். ஆனால் ‘குவிக்லி’, ‘கேர்ஃபுலி’ போன்ற ‘லி’ ஈற்று வினையடைகளுக்கு முன் பொது வழக்கில் அப்பொருளில் வருவதில்லை. தனித்த ‘இன்’ வினையடைகளின் இனத்தைவிட முன்னிடைச்சொல்லின் இனத்தையே சார்ந்தது என இதனால் அறியலாம். எஸ்பர்சன் வழியே வலியுடையது என்பது நம் கருத்து.

5. துணையின்றி வினையடையாகும் பெயர்த்தொடர்

‘ஹி கேம் லாஸ்ட் வீக்’ என்பதில் ‘லாஸ்ட் வீக்’ பெயர்த்தொடர். அது எழுவாயும் அன்று, செயப்படுபொருளும் அன்று, முன்னிடைச்சொல்லையும் கொள்ளவில்லை. சென்ற வாரம் வந்தான் என நாமும் உருபின்றியே கூறுகிறோம். ‘எவ்ரி மார்னிங்’, ‘தி ஹோல் டே’, ‘திஸ் வே’ ஆகியனவும் இவ்வகையின.

எல்லாப் பெயர்களும் இவ்வுரிமை பெறவில்லை. காலப்பெயர்கள் பலவும், இடப்பெயர் சிலவும், முறைமை உணர்த்தும் ‘வே’ என்னும் பெயருமே பெற்றுள்ளன. பொருள் ஒன்றாயினும் உரிமை ஒன்றாவதில்லை. ‘ஹி டிட் இட் திஸ் வே’ என்பது வழக்கு. ‘ஹி டிட் இட் திஸ் மேனர்’ என்பது வழு. ‘இன் திஸ் மேனர்’ என்றே கூறுதல் வேண்டும். இரண்டும் ‘இவ்வாறு’ என்றே பொருள்படுதலின், உரிமை பொருளால் வருவதன்று. அவ்வப் பெயர்ச்சொல்லுக்குரிய பண்பாக அமைந்தது. 1985இல் ரிச்சர்டு லார்சன் எழுதிய கட்டுரை இக்கூறுபாட்டை விரிவாக ஆராய்ந்தது.

சுட்டும் அடையும் இதற்குத் துணை செய்கின்றன. ‘ஆன் மண்டே’ என முன்னிடைச்சொல்லோடு வரும் கிழமைப்பெயர், ‘லாஸ்ட்’, ‘நெக்ஸ்ட்’, ‘எவ்ரி’ என்னும் அடைகளை ஏற்றவழி ‘ஆன்’ என்பதை விலக்கிவிடுகிறது.

இவ்வழக்கின் வேர் பழைய ஆங்கிலத்தில் உள்ளது. அக்காலத்தில் கால நீட்சியைச் செயப்படுபொருள் வேற்றுமையும், சில காலப்பொருள்களை உடைமை வேற்றுமையும் உணர்த்தின. ஈறுகள் மறைந்த பின்னும் பெயர்கள் தம் பழைய உரிமையைக் கைவிடவில்லை. ‘ஹி வென்ட் ஹோம்’ என்பதில் ‘ஹோம்’ முன்னிடைச்சொல் இன்றி நிற்பதும் இப்பழமையின் எச்சமே. இரவுதோறும் வேலை செய்கிறான் என்னும் பொருளில் ‘ஹி வொர்க்ஸ் நைட்ஸ்’ என வருவதன் இறுதி சகரம் இன்று பன்மை ஈறாகக் கருதப்படினும், அதன் பின்னணியில் பழைய உடைமை வேற்றுமை ஈறு உள்ளது.

6. பெயர்த்தொடர் முன்னிடைச்சொல்லுக்கு அடையாதல்

பெயர்த்தொடர் முன்னிடைச்சொல்லுக்குப் பின்னே மட்டுமன்றி முன்னேயும் வரும். ‘த்ரீ இயர்ஸ் ஆஃப்டர் தி வார்’ என்பதில் இரு பெயர்த்தொடர்கள் உள்ளன. ‘தி வார்’ என்பது ‘ஆஃப்டர்’ என்பதை முடிக்கும் தொடர். ‘த்ரீ இயர்ஸ்’ என்பது பின்மையின் அளவைக் கூறும் அடை. ‘போருக்கு மூன்று ஆண்டுகள் பின்னர்’ எனத் தமிழிலும் அளவுப்பெயர் ‘பின்னர்’ என்பதைச் சார்ந்தே நிற்கிறது.

மறுபுறம், பெயர்த்தொடரின் முன் வந்து அத்தொடரையே வரையறுக்கும் வினையடைகளும் உள. ‘ஒன்லி தி டாக்டர்’, ‘ஈவன் தி டாக்டர்’ என்பன நம் ஏகார உம்மைகளின் கடமையைச் செய்கின்றன. தமிழில் இடைச்சொல் பெயரோடு ஒட்டி நிற்பதால் எதனை வரையறுக்கிறது என்பதில் ஐயம் எழாது. ஆங்கிலத்தில் ‘ஒன்லி’ வினைக்கு முன் நின்றே தொலைவிலுள்ள பெயரை வரையறுப்பதும் உண்டு. அங்குக் குரல் அழுத்தமே பொருளைத் தெளிவிக்கும்.

7. மொழிபெயர்ப்பில் எழும் ஐயம்

முன்னிடைத்தொடர் பெயருக்கு அடையாகவும் வரும், வினைக்கு அடையாகவும் வரும் என்பதால் ஒரே வாக்கியம் இரு பொருள் தரலாம். ‘ஷி கெப்ட் தி லெட்டர்ஸ் இன் தி பாக்ஸ்’ என்பது, கடிதங்களைப் பெட்டியில் வைத்திருந்தாள் எனவும், பெட்டியில் இருந்த கடிதங்களை விட்டுவிடாது தன்னிடமே வைத்துக்கொண்டாள் எனவும் பொருள்படும். மாற்றுப்பெயர் இட்டுப் பார்த்தால் வேறுபாடு வெளிப்படும். ‘தெம்’ என்பது ‘தி லெட்டர்ஸ்’ என்பதற்கு மட்டும் பதிலாயின் முதற்பொருள். ‘தி லெட்டர்ஸ் இன் தி பாக்ஸ்’ என்பது முழுவதற்கும் பதிலாயின் இரண்டாம் பொருள்.

தமிழில் ‘கடிதங்களைப் பெட்டியில்’ என்றோ, ‘பெட்டியில் இருந்த கடிதங்களை’ என்றோ ஒன்றையே எழுதுதல் இயலும். ஆங்கில ஆசிரியர் திறந்துவிட்ட இரு வழிகளுள் ஒன்றை மொழிபெயர்ப்பாளர் அடைக்கவேண்டியவராகிறார். சொற்களுக்கு நிகரான சொற்களைத் தேடுமுன் எத்தொடர் எதனைச் சார்ந்தது என்று முடிவு செய்தல் அவர்தம் முதற்கடமையாகும். சட்ட நூல்களையும் ஒப்பந்தங்களையும் பெயர்ப்போர் இதில் பெரிதும் விழிப்பாயிருத்தல் வேண்டும்.

8. தமிழோடு ஒப்புமை

ஆங்கில முன்னிடைச்சொல்லுக்கு உருபு நிகரன்று எனின், எது நிகர்? மேல், கீழ், பின், முன், உள் முதலியனவே என்க. ‘மேலே சென்றான்’ எனத் தனித்தும், ‘மலைமேல் சென்றான்’ எனப் பெயரோடு கூடியும், ‘சிறிது மேலே’ என அடை பெற்றும் இவை வருகின்றன. ‘ஹி வென்ட் அப்’, ‘ஹி வென்ட் அப் தி ஹில்’ என்னும் தொடர்களில் ‘அப்’ பெறும் நிலைகளும் இவையே. தொல்காப்பியர் இத்தகைய சொற்களை ஏழாம் வேற்றுமையின்கண் வைத்துரைத்தார். இவை உருபோ, உருபின் பொருளோ என்பதில் உரையாசிரியரிடையே வேறுபாடு உண்டு. நன்னூலார் 28 சொற்களை ஏழனுருபாக எண்ணினார். தமிழில் முன்னிடைச்சொற்களுக்கு நிகராகப் பின்னிடைச்சொற்களே உள என்பதைக் கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்திலும் காணலாம்.

பிறப்பு முறையிலும் இரு மொழிச் சொற்களும் ஒத்துள்ளன. தமிழில் ‘பற்றி’, ‘குறித்து’ என்னும் வினையெச்சங்கள் சொல்லுருபாயின. ஆங்கிலத்தில் ‘கன்சர்னிங்’, ‘ரிகார்டிங்’ என்னும் வினைவழிச் சொற்கள் முன்னிடைச்சொற்களாயின. ‘இன்ஸ்டெட்’ என்பது ‘இடத்தில்’ என்னும் பொருளுடைய முன்னிடைத்தொடர் இறுகியதால் பிறந்தது. யாவற்றினும் சுவையானது ‘டவுன்’ என்பதன் வரலாறு. பழைய ஆங்கிலத்தில் அது குன்றிலிருந்து எனப் பொருள்பட்ட முன்னிடைத்தொடராக இருந்தது. முன்னிடைச்சொல்லும் பெயரும் ஒன்றாகி, முன்பகுதி தேய்ந்து, கீழ்நோக்கி என்னும் பொருளில் வினையடையாயிற்று. பின்னர் அவ்வினையடையே ‘டவுன் தி ரிவர்’ என மற்றொரு பெயர்த்தொடரை ஏற்று முன்னிடைச்சொல்லாயிற்று. இன்று ‘டவுன் தி ஹில்’ என்போர், குன்று என்னும் பெயரைத் தம்மை அறியாமலே இருமுறை கூறுகின்றனர்.

முடிபு

ஆங்கிலப் பெயர்த்தொடர் முன்னிடைச்சொல்லுக்குப் பின் நின்றும், அதன் முன் அளவடையாக நின்றும், துணையின்றி வினையடையாக நின்றும், கூட்டுவினையின் செயப்படுபொருளாக நின்றும் வாக்கியத்தில் அமைகிறது. முன்னிடைச்சொல் இவ்வுறவுகளின் நடுவே நிற்கும் தனிச்சொல். முன்னே இடம் மாறிய உருபன்று. இதனை மாணவர்க்கு முதற்கண் உணர்த்துவது மொழிபெயர்ப்புப் பிழைகள் பலவற்றை வேரிலேயே தடுக்கும். மேல், கீழ், பின் என்பன பெயரோ, இடையோ, உருபோ என நெடுங்காலமாக நிகழும் நம் இலக்கண வாதத்திற்கும் இவ்வொப்புமை பயன்படும். ஒரு சொல் பெயராகத் தோன்றி, வினையடையாக வழங்கி, பெயரைத் தழுவும் இடைச்சொல்லாகவும் நிற்றல் கூடும் என்பதற்கு ஆங்கில வரலாறு சான்று பகர்கின்றது. நம் சொற்களையும் அவ்வரலாற்று நோக்கில் சங்க இலக்கியம் தொட்டு இன்றைய உரைநடை ஈறாக முறையே தொகுத்து ஆராய்தல் தமிழாய்வாளர் மேற்கொள்ளத்தக்க பணியாகும்.